காலியாக விட்ட கட்டம்

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அழகிரி முப்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றான். ழ மட்டும் வசப்படவில்லை. தன் பெயரையே 'அளகிரி' என்றுதான் எழுதுவான். மகளின் பெயரைப் பிழையில்லாமல் தன் கையாலேயே பதிய ஆசை. அதனால் ழ வரும் பெயரையெல்லாம் எட்டு மாதமாகத் தட்டிக் கழித்தான்; பிறப்புப் பதிவேட்டில் பெயர்க் கட்டம் காலியாகவே கிடந்தது. அன்று ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போதுதான் மனைவி பானுப்ரியாவிடம் தோற்றான்.

"சரி புள்ள, எழிலியே இருக்கட்டும்."

பஸ்ஸிலிருந்து இறங்கி, பதிவு அலுவலகம் வரைக்கும் உள்ளங்கையில் ழ போட்டபடியே ஓட்டமும் நடையுமாகப் போனான்.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார்.

"எழிலின்னு எழுதியாச்சேங்க. காலையில ஆபீஸ் திறந்ததுமே உங்க பெரிய பொண்ணு வந்துச்சு. 'அப்பாவுக்கு ழ வராது, நானே எழுதிடறேன்'னுச்சு."

அவர்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அது பானுப்ரியாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

கட்டத்தில் முத்து முத்தாகப் பெயர். எழுதியவர் கையெழுத்து என்ற இடத்திலும் அதே எழிலி.

பானுப்ரியா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அழகிரி மேஜைமேல் எக்கினான், முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா உயரமா வளந்திருக்காளாங்க?"