கடைசி சாக்கெட்

கொள்முதல் நிலையத்தில் காலையிலிருந்து நெட் இல்லை. கைரேகை பதியாமல் நெல்லை எடுக்க மாட்டார்கள். களத்தில் நெல் குவிந்து கிடக்க, வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கேபிள் இழுத்தவன் கை வெளங்குமா?" என்று பொரிந்தார் ஜெயபால்.

"பொறுங்கண்ணே. எம் பொண்ணு கேபிள் கம்பெனியிலதான் இருக்கு. வரச் சொல்லியிருக்கேன்," என்றார் நாகநாதன்.

வந்த மோகனப்பிரியா யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், மேசைக்கடியில் இருந்த கடைசி சாக்கெட்டைக் கழற்றினாள். ஒரு கம்பி இறுகாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. அழுத்தி இறக்கினாள். நெட் வந்தது.

அதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

நாகநாதன் நனைந்த நெல்லைக் கையில் அள்ளினார். "ஈரம்னு தள்ளிடுவாங்க. தார்ப்பாய் பத்தல. என்னம்மா கோளாறு?"

"டெஸ்ட் பண்ணாமலே பாஸ் போட்டிருக்காங்கப்பா."

"படுபாவிப் பயலுவோ! நீயா இருந்தா இப்படி விட்டிருப்பியாம்மா?"

சாக்கெட்டிலிருந்து உரித்தெடுத்த 'பாஸ்' ஸ்டிக்கரை உள்ளங்கைக்குள் கசக்கினாள். கேபிள் போட்ட அன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், பக்கத்து கேபிளின் டெஸ்ட் முடிவையே இதற்கும் காட்டிவிட்டு அவள் போட்ட கையெழுத்து அதில் இருந்தது.