எந்தப் பூனையும் திடீரென்று கடிப்பதில்லை

"நல்லாத்தான் தடவிக்கினு இருந்தேன் டாக்டர். திடீர்னு கடிச்சிடிச்சு."

நோயல் கட்டுப் போட்ட விரலை நீட்டினார். அவர் மடியிலிருந்த கூடைக்குள் பூனை முறைத்துக்கொண்டிருந்தது.

மந்தைவெளியில் பூனை வளர்ப்பவர்களுக்கெல்லாம் டாக்டர் கல்யாணராமன்தான் தெய்வம். கணினி முன் உட்கார்ந்திருந்த மாளவிகாவின் பின்னால் நின்றபடி அவர் ஏளனமாகச் சிரித்தார்.

"திடீர்னா? எந்தப் பூனையும் திடீர்னு கடிக்காது சார். முதல்ல உடம்பை இறுக்கிக்கும். பாத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

மாளவிகா விறைப்பாக உட்கார்ந்து மருந்துச் சீட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். அவளை நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் டாக்டரின் விருப்பம்.

"அப்புறம் மெதுவா நகர்ந்து பாக்கும். நீங்க விட்டிருக்க மாட்டீங்க. பின்னாலேயே போயிருப்பீங்க."

மாளவிகா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையைப் பார்ப்பவர்போல் டாக்டரும் ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஆசையாத்தானே டாக்டர் தொட்டேன்?" என்றார் நோயல் பாவமாக.

"உங்க ஆசை கிடக்கட்டும். அதுக்குப் பிடிக்குதான்னு பாக்க வேணாமா? வாயில்லா ஜீவன்னா இஷ்டத்துக்குத் தொடலாமா? கண்ணு எதுக்கு சார் இருக்கு? இவ்வளவு சொல்லியும் புரியலேன்னாதான் அது கடிக்கும்."

நோயல் தலை குனிந்தார்.

மாளவிகா தட்டச்சை நிறுத்தினாள்.

"டாக்டர், என் தோள்லேருந்து கையை எடுங்க."

குனிந்திருந்த நோயல் சட்டென்று நிமிர்ந்தார்.

டாக்டரின் முகம் வெளிறியது. "என்னம்மா இது, திடீர்னு?" என்றார்.