மாப்பிள்ளை இழுத்த கயிறு

“இன்னிக்கு இந்த இன்ஜின் பாடலைன்னா, நான் மெக்கானிக் கடையையே இழுத்து மூடிடறேன்!”

படகுத்துறையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி கணவர் சொன்னதும் அவளுக்குத் திக்கென்றது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பதில் மனுஷருக்கு நல்ல கைதான். ஆனால் கையைவிட வாய் எப்போதும் முந்திக்கொள்ளும்.

படகு அவளுடைய அண்ணனுடையது. அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததும் படகைக் கொட்டகையில் போட்டுவிட்டு, தானும் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார். “கை சரியாயிடுச்சு, பயம்தான் இன்னும் போகலை” என்று டாக்டர் சொல்லியும், சாப்பிடக்கூட அந்தக் கையை எடுப்பதில்லை.

படகு ஓடினால் அண்ணன் எழுந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையெல்லாம் தியாகம் செய்து, கணவர் துருப்பிடித்த இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டினார். அடியில் இருந்த ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்தது அவள்.

அண்ணன் மசியவில்லை. “ஓடினாப் பார்க்கலாம். இல்லேன்னா இன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார். இரும்புக்கடைக்காரர் வண்டியோடு வந்து கரையில் தயாராக நின்றார்.

கணவர் படகின் பின்னால் நின்று, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார்.

இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை.

மறுபடி இழுத்தார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“நேத்து கொட்டகையில ஜம்முனு ஓடுச்சே!” என்றார்.

“யார் பார்த்தா?” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நான் பார்த்தேன்.”

“போதும், இறங்குங்க. மானம் போகுது.”

“கடைக்குப் பூட்டு வாங்கிட்டு வரட்டுமா மெக்கானிக்?” என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுக்க, துறையே சிரித்தது. சீட்டாட்டத்தில் தோற்றாலே வாரம் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷர். இப்போது காது மடல்வரை சிவந்து போயும், விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

கரையில் நாற்காலியில் இருந்த அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“என்ன மாப்ளே, மாவாட்டறீங்களா? கயிறை அப்படியா இழுப்பாங்க? மெதுவா டைட் பண்ணிட்டு, அப்புறம் வெடுக்குனு இழுங்க!”

கணவர் திரும்பிப் பார்த்து, கேட்டார் ஒரு கேள்வி.

“நீங்க வந்து மட்டும் என்ன கிழிக்கப் போறீங்க மச்சான், அந்தக் கையை வெச்சுக்கிட்டு?”

துறையில் சிரிப்பு சட்டென்று நின்றது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கைக்கோ பற்றிக்கொண்டு வந்தது. தன்னால் முடியாத ஆத்திரத்தை முடியாதவர் மேலா காட்டுவது?

அண்ணன் எழுந்தார்.

“ஏங்க, வேணாங்க” என்று அண்ணி பிடிக்கப் போனாள். அவர் காதில் வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் விறுவிறுவென்று நடந்து, படகில் ஏறினார்.

“தள்ளுங்க மாப்ளே.”

கணவர் இன்ஜினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே முன்பக்கம் நகர்ந்தார்.

கோபத்தில் அண்ணனுக்குத் தன் கை ஞாபகமே இல்லை. பழக்கத்தில் வலது கைதான் நீண்டது. கயிற்றைப் பிடித்தது. வெடுக்கென்று இழுத்தது.

இன்ஜின் செருமியது. குபீரென்று புகை.

“விடாதீங்கண்ணா! இன்னொண்ணு!” என்று அவள் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டாள்.

இன்னொன்று இழுத்தார். டபடபடபவென்று துறையே அதிர்ந்தது!

விசில் பறந்தது. இரும்புக்கடைக்காரர் தன் வியாபாரம் போனதையும் மறந்து கை தட்டினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கிழித்தது. இன்ஜின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது அதே வலது கை. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு போனார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, “ஏறுடி!” என்று அண்ணியை ஏற்றிக்கொண்டு மறுபடி பறந்தார் அண்ணன்.

“மெக்கானிக், நாளைக்குக் கடை லீவா?” கூட்டம் கலாய்த்துக்கொண்டே கலைந்தது. கணவர் சொட்டச் சொட்ட நனைந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

“ஓட்டத் தெரியலைன்னா தெரியலைன்னு ஒத்துக்கணும். எங்கண்ணன் கையைப் பத்திப் பேச உங்களுக்கு எப்படிங்க மனசு வந்தது? அதுவும் அத்தனை பேர் முன்னாடி!”

“உஸ்… கத்தாதே. படகு திரும்பி வருது, மச்சான் காதுல விழுந்துடப்போகுது.”

“விழட்டும்!”

கயிறு இழுத்துக் கன்றிப்போன உள்ளங்கையை ஊதிக்கொண்டே அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஸ்விட்சை ஆஃப்ல வெச்சுக்கிட்டு நானும் எவ்வளவு நேரம்தான் இழுக்கறது? உங்கண்ணனுக்குக் கோபம் வர இவ்வளவு லேட்டாகும்னு நான் என்னத்தைக் கண்டேன்!”