பல்லி சொன்ன மீன்

“ஆத்தை வாங்கியாச்சு சார், கொக்குக்கு எதிரே மாட்டிடலாம்.” அருங்காட்சியகத்தில் யாரோ சொன்னது பல்லியின் காதில் விழுந்தது. ஓடிப்போய்ப் பஞ்சடைத்த கொக்கிடம் சொன்னது.

“ஆறா! மீன் இருக்குமாடி?” பல வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு கேட்டது.

“இச்” என்றது பல்லி, யோசிக்காமலே.

“நீயே சொல்லிட்டே! இனி நடந்திரும்.”

மறுநாள் ஓவியத்தை மாட்டினார்கள். இந்தக் காலத்து ஓவியம், இந்தக் காலத்து ஆறு. கரைக்குக் கரை மணலும் லாரித் தடமும்தான்.

“எங்கேடி?” என்றது கொக்கு, மெதுவாக.

பல்லி சொல்லுக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு! அதுகூடப் போகட்டும், கொக்கின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பல்லி விறுவிறுவென்று சுவரேறி, ஆற்றின் நடுவில் ஒட்டிக்கொண்டு, கால்களை ஒடுக்கி, வாலை மட்டும் மெல்ல ஆட்டியது.