மணிக்கொரு படம்

“ரோஜா நிறத்துல இருக்கு சார். தொட்டா கதகதப்பா இருக்கு. சத்தமும் ஜோரா வருது!” போனில் சொல்லும்போதே நர்ஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

பிறந்த குழந்தையைப் பற்றிய பேச்சல்ல இது. நேற்று முன்தினம் ஒரு பஸ் கண்டக்டரின் இடது காலிலிருந்து எலும்போடு வெட்டியெடுத்து, புற்றுநோய் தின்ற தாடையில் வைத்துத் தைத்த உள்ளங்கை அகலச் சதை. தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களை இணைத்து முடிக்கப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்தது. அந்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அத்தனை பாடும் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

“மணிக்கு ஒரு போட்டோ அனுப்பும்மா. மறந்துடாத!” என்றார் பெரிய டாக்டர். அவர் வெளியூரில், டாக்டர்கள் மாநாட்டில் இருந்தார். மூன்று மணிக்கு மேடையேறி இந்தச் சதையைத்தான் எல்லாருக்கும் காட்டப்போகிறார்.

போன மாதம் நர்ஸ் அரை மணி நேரம் தாமதமாகப் பார்த்ததில் வேறொருவரின் சதை கருத்துப்போனது. அன்று டாக்டர் வார்டே கேட்கும்படி விட்ட டோஸை அவளால் மறக்க முடியவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் காப்பிக்குக்கூட எழுந்து போகவில்லை.

கண்டக்டருக்கு டிப்போவில் ‘மைக்’ என்று பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும் முன்பே அவர் குரல் நிறுத்தத்துக்கு வந்துவிடுமாம். இப்போது தொண்டையில் குழாய், மடியில் சிலேட்டு.

“பழையபடி கத்துவாரா சிஸ்டர்?” என்று அவர் மனைவி பத்தாவது முறையாகக் கேட்டாள்.

“இந்தச் சதை மட்டும் பொழைச்சுதுன்னா பாருங்க, டிப்போவே காதைப் பொத்திக்கும்.”

மைக்கின் கண்கள் சிரித்தன.

மணி பன்னிரண்டு. நிறம், சூடு, விரலால் அழுத்தினால் சிவப்பு திரும்பி வரும் வேகம், பேனா மாதிரிக் கருவியை வைத்தால் கேட்கும் ‘உஷ், உஷ்’ சத்தம். தாளில் நான்கு கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுப் படம் எடுத்தாள். மைக் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: கால் வலிக்குது.

“எலும்பையே எடுத்திருக்கு, வலிக்காம குளுகுளுன்னா இருக்கும்?”

கழுத்தை அசைக்கக் கூடாது என்பதால் அவரால் ‘அந்தக் கால் இல்லை’ என்று தலையாட்ட முடியவில்லை. வலது காலை விரலால் இரண்டு தரம் தட்டினார்.

“ஆடாதீங்கய்யா! குழாய் முறுக்கிக்கிட்டா என் தலைதான் உருளும்.”

ஒரு மணிக்கு மனைவி தயங்கித் தயங்கி வந்தாள். “கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கினாப்பல இருக்கு சிஸ்டர்.”

“படுத்தே கிடந்தா வீங்கத்தாம்மா செய்யும். டாக்டர்கிட்ட சொல்றேன்.”

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் டாக்டர் போனில் கேட்டது நிறம், சூடு, சத்தம். இவளும் அந்த மூன்றை மட்டும் ஒப்பித்துவிட்டு வைத்தாள். காலுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

மூன்று மணிக்கு முக்கியமான படம். மேடையில் பெரிய திரையில் வரப்போவது அதுதான். மைக் சிலேட்டில் எதையோ கிறுக்கித் தூக்கிப் பிடித்தார். அதன் நிழல் சரியாகத் தாடைமேல் விழுந்தது.

“ஒரு நிமிஷம்யா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க” என்று சிலேட்டைப் பதமாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். படம் அருமையாக வந்தது. அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

நாலேகாலுக்குப் போன் வந்தது. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காம் முறை எடுத்தாள்.

“எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கம்மா! உன் போட்டோவைப் பாத்து அசந்து போயிட்டாங்க. ஆமா, நாலு மணி போட்டோ எங்க?”

அவள் நாலு மணிக்கு டிக் விழாத தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா பேசமாட்டேங்கற? கருத்துப் போச்சா? ரத்தம் அடைச்சுக்கிச்சா?”

“அடைச்சுக்கிச்சு சார்.”

“அய்யோ! கண்கொத்திப் பாம்பா பாத்துக்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு, திறந்து பாக்கலாம். தாடையில எந்தக் குழாய்?”

“தாடையில இல்ல சார். வலது கால்ல உறைஞ்ச ரத்தமாம். நெஞ்சுக்கு ஏறிடுச்சாம்.”

“அப்போ சதை?” என்றார் டாக்டர்.

“அதுக்கு ஒரு குறையும் இல்ல சார். ஆளுதான் போயிட்டாரு.”