ஸ்ட்ராங்கா, லைட்டா?

ஏற்காடு பஜாரில், கொட்டும் மழையில் வாய்க்காலை மண்மூட்டையால் மறித்துக்கொண்டே டீக்கடை அமீர் ஜான் செல்போனில், ஏரிக்கரையில் நின்ற மகளிடம் கத்தினார்.

"ஆஃப்ரின், ஏரியில விழுற தண்ணி என்ன கலரு கண்ணு?"

"ஸ்ட்ராங் டீ கலருங்க அத்தா! இப்படியே வந்தா ஏரி சேறாயிரும்!"

வாய்க்கால் திரும்பி, பக்கத்துக் காலிமனையில் வெட்டியிருந்த குழிகளுக்குள் பாய்ந்தது.

பழக்கடை ஜெயகுமாரி பதறினாள். "ஏனுங்க பாய், லாட்ஜ் கட்ட யாரோ வாங்கிப்போட்ட மனைங்க அது! குழி வேற வெட்டிட்டீங்களா?"

"மண்ணு குழியில தங்கிரும். தெளிஞ்சது மட்டும் வழிஞ்சு ஏரிக்குப் போவுமுங்க."

"அத மனைக்காரர்கிட்டச் சொல்லுங்க!"

செல்போனில் ஆஃப்ரின் குரல் துள்ளியது. "அத்தா, லைட் டீக்கு வந்துருச்சு!"

அமீர் ஜான் சிரித்தார். "சொல்லியாச்சுங்க. லாட்ஜே வேண்டாம்னுட்டாரு."

"யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"நாந்தானுங்க. எனக்கு இந்த டீக்கடையே போதும்."