அரக்குச் சிவப்பு

பரங்கிமலையின் கடைசி வளைவில் முனகிக்கொண்டே ஏறிய பியட் டாக்சி, மாதா கோயில் மதிலோரம் நின்றுவிடுகிறது. "இதுக்கு மேல ரோடு கெடையாது, நைனா" என்கிறான் டிரைவர். நல்லசிவம் முதலில் இறங்கி, மனைவி செண்பகத்தைக் கைப்பிடித்து இறக்குகிறார். ரங்கநாதன் தெருவில் அவருடைய ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில்தான் குடித்தனம். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம், "அது எறங்குறத மலையில நின்னு ஒருநா பாக்கணும்" என்பாள் அவள். "பாப்போம்" என்பார் இவர். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதம் என்று பன்னிரண்டு வருஷம் அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லிலேயே போயிற்று. போன தையில் அவளுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. கீழே மீனம்பாக்கத்து ஓடுபாதை மாலை வெயிலில் ஈயத்தகடாய் மின்னுகிறது. காற்றில் அவள் முந்தானை படபடக்கிறது. சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்கிறது. "வந்துட்டு" என்று முகத்தைச் சரியாக அந்தப் பக்கமே திருப்புகிறாள். "வெள்ள. வாலு மட்டும் செவப்பு" என்கிறார். "என்ன செவப்பு?" கடையில் சேலை விரித்துக் காட்டுவதுபோல் அவர் கை தானாகக் காற்றில் விரிகிறது. "அரக்கு. ஒன் கல்யாணச் சேலை இருக்கே, அந்த அரக்கு." அவள் மெல்லத் தலையசைக்கிறாள். சக்கரம் தரையைத் தொட்ட இடத்தில் துளிப் புகை எழுந்து கரைகிறது. அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "அடுத்த வாரமும் வருவோம், செண்பகம்." இரைச்சல் முழுதும் அடங்கும்வரை அவள் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருக்கிறாள். பிறகு, "பாப்போம்" என்கிறாள்.